இலைக் கணக்கு

எங்கள் குடும்பத்தில் ஒரு கல்யாணம் முடிவானால் ஜோசியருக்கு அடுத்தபடியாகத் தகவல் போவது பெரிய மாமாவுக்கு. அம்மாவின் மூத்த அண்ணன். கூட்டுறவுச் சங்கம் ஒன்றில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். மதுரையிலும் சுற்றுவட்டாரத்திலும் சொந்தபந்தம், தெருக்காரர், கூட வேலை பார்த்தவர் என்று யார் வீட்டு விசேஷமானாலும் முன்னால் நின்று நடத்திக் கொடுப்பார். காசு வாங்க மாட்டார். கடைசியில் வேட்டி துண்டு வைத்துக் கொடுத்தால் வாங்கிக்கொள்வார், அதையும் அத்தைதான் பீரோவில் அடுக்குவார்.

தையில் எனக்கு நிச்சயமானது. முகூர்த்தம் ஆவணியில். இவர் விருதுநகர்க்காரர், வேலை மதுரையில். ஈவென்ட் மேனேஜ்மென்ட்காரர்களிடம் மொத்தமாகக் கொடுத்துவிட்டு மேடையில் போய் உட்காருவது இரண்டு பேருக்குமே பிடிக்கவில்லை. நேராக மாமாவிடம் போனோம்.

"எனக்கு முட்டி வலி பாப்பா. நான் உக்காந்து சொல்றேன், நீங்க ரெண்டு பேரும் ஓடுங்க. ஆனா சொன்னாப் புரியாது. மொதல்ல நாலு கல்யாணத்துல வேலை பாத்துட்டு வாங்க" என்றார். இவரைப் பார்த்து, "மாப்ள, பேன்ட்டு சரிப்படாது. வேட்டிய மடிச்சுக் கட்டத் தெரியுமில்ல?" என்று கேட்டார்.

இப்படித்தான் மாசியிலிருந்து வைகாசி வரை அடுத்தவர் கல்யாணங்களில் நாங்கள் எடுபிடிகளானோம். நிச்சயமான பிள்ளைகள் தாலி ஏறும் முன் சேர்ந்து சுற்றக் கூடாது என்று கறாராக இருந்த அப்பத்தா, "மாமாவோட கல்யாண வேலைக்கு" என்றதும் ஒன்றும் சொல்ல முடியாமல் வெற்றிலையை மென்றார். அந்த அனுமதிக்காகவே மாமாவுக்கு ஒரு வேட்டி கூடுதலாகக் கொடுத்திருக்கலாம்.

மாமாவிடம் நீளவாக்கில் ஒரு கணக்கு நோட்டு இருக்கிறது. அதில் பெயர்கள் ஊர் ஊராக, தெருத் தெருவாக இருக்கும். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே மூன்று கட்டம்: ராத்திரி, காலை, மத்தியானம். பத்திரிகை எத்தனை அடிப்பது என்று நான் கேட்டபோது அவர் காதிலேயே வாங்கவில்லை. "பத்திரிக்கை அறுநூறு அடி, ஆயிரம் அடி. இலை எத்தனை, அதச் சொல்லு" என்றார்.

பத்திரிகைக் கணக்கு வேறு, இலைக் கணக்கு வேறு. அலுவலகத்துக்காரர்கள் முதல் நாள் இரவு வரவேற்புக்கு வந்து, போட்டோ எடுத்து, சாப்பிட்டுக் கிளம்பிவிடுவார்கள். அவர்களுக்கு ராத்திரிக் கட்டத்தில் மட்டும் எண். ஊரிலிருந்து வேன் பிடித்து வருகிறவர்களுக்கு மூன்று கட்டத்திலும் எண். பங்காளிகள் வீட்டில் இரவு ஓர் ஆள், காலையில் குடும்பத்தோடு. உள்ளூர்த் தெருக்காரர்கள் முகூர்த்தம் பார்த்து, டிபன் முடித்து வேலைக்குப் போய்விடுவார்கள், மத்தியானம் வீட்டுக்கு ஒருவர் வந்தால் அதிகம். இப்படி ஒவ்வொரு வீட்டையும் மனத்தில் நிறுத்தி எழுத வேண்டும். யார் வீட்டில் பரீட்சை எழுதும் பிள்ளை இருக்கிறது, யாருக்குச் சர்க்கரை, யார் யாரோடு பேச்சுவார்த்தை இல்லை என்பதெல்லாம் அந்தக் கட்டங்களுக்குள் வந்துவிடும்.

எல்லாம் கூட்டிய பிறகு மாமா கடைசியில் ஒரு வரி சேர்ப்பார்: வேலையாள் இலை. மேளக்காரர்கள், போட்டோகாரர்கள், பந்தல்காரர்கள், வேன் டிரைவர்கள், மண்டபத்து வாட்ச்மேன், பரிமாறும் பையன்கள். "வந்தவன் ஒருநாள் சாப்புடலேன்னா மறந்துருவான். தவில்காரர் பட்டினியாப் போனா ஊரே பேசும்." எங்கள் நோட்டில் கடைசியில் நின்றது இரவு 700, காலை 400, மத்தியானம் 450. வேலையாள் இலை தனியாக 60.

இலை எண் நின்றால் பாதிக் கல்யாணம் முடிந்த மாதிரி. அரிசி அதிலிருந்து வருகிறது. கிலோவுக்கு எட்டு இலை, கூட்டு பொரியல் பலகாரம் கூடினால் பத்து இலை என்பது மாமா கணக்கு. மண்டபத்தின் அளவும் அதிலிருந்துதான். சாப்பாட்டுக் கூடத்தில் 200 பேர் உட்கார முடியுமென்றால் 700 பேருக்கு நான்கு பந்தி, பந்திக்கு முக்கால் மணி நேரம், அதனால் இரவு ஏழு மணிக்கே முதல் இலை விழுந்தாக வேண்டும். வரவேற்பு மேடையில் நாங்கள் எத்தனை மணிக்கு ஏறவேண்டும் என்பதைத் தீர்மானித்ததும் இந்தக் கணக்குதான், பியூட்டி பார்லர்காரம்மா இல்லை.

சமையலுக்கு இரண்டு வழி. ஒன்று, இலைக்கு இவ்வளவு என்று பேசி, மளிகையிலிருந்து பரிமாறுவது வரை ஒப்பந்தக்காரரே பார்த்துக்கொள்வது. மற்றது, சரக்கு நம்முடையது, சமையல் மாஸ்டருக்குக் கூலி மட்டும். இரண்டாவது மலிவு என்பார்கள். மலிவுதான், சரக்கு வைக்கும் உக்கிராணத்தில் சாவியோடு உட்கார நம்பிக்கையான ஓர் ஆள் இருந்தால். அப்படியோர் ஆள் இல்லாத வீட்டுக்கு இலைக் கணக்கே மேல் என்பது என் முடிவு. மாமாவுக்கு இதில் உடன்பாடு இல்லை, ஏனென்றால் அந்த ஆள் அவரேதான்.

திருப்பரங்குன்றத்தில் ஒரு கல்யாணத்தில் என்னை உக்கிராணத்தில் உட்கார வைத்தார். முருகன் தெய்வானையை மணந்த தலம் என்பதால் முகூர்த்த நாளில் அந்த ஊரில் மாலையும் கழுத்துமாக ஜோடிகள் நடந்துகொண்டே இருக்கும், பக்கத்துப் பக்கத்து மண்டபங்களில் மேளம் ஒன்றோடொன்று மோதும். அந்தச் சத்தத்துக்கு நடுவே ஜன்னலில்லாத ஓர் அறை. கீழமாசி வீதியிலிருந்து வந்த மூட்டைகள், தேங்காய், எண்ணெய் டின், வாழைத்தார். நெய்யும் முந்திரியும் ஏலக்காயும் தனியாக ஒரு டிரங்குப் பெட்டியில். மாஸ்டர் கேட்டதையெல்லாம் கேட்டவுடன் கொடுக்கக் கூடாது, கொடுக்காமலும் இருக்கக் கூடாது. இரவுச் சமையலுக்கு உரியது மூன்று மணிக்கு, காலை டிபனுக்கு உரியது இரவு பத்துக்கு, கை மாறும்போதே நோட்டில் எழுத்து. மூட்டையைப் பிரிப்பதிலும் ஒழுங்கு உண்டு. ஒன்று தீர்ந்த பிறகுதான் அடுத்தது. பிரிக்காத மூட்டையைக் கடைக்காரர் திருப்பி எடுத்துக்கொள்ள வேண்டும் என்று வாங்கும்போதே பேசியிருப்பார் மாமா. 19 கிலோ கேஸ் சிலிண்டர் தீர்ந்துவிட்டது என்று வெளியே உருட்டினால், தூக்கிப் பார்த்த பிறகுதான் அடுத்ததைக் கொடுப்பார்.

இவருக்குக் கிடைத்தது பந்தி. இலைக் கணக்கில் பேசிய கல்யாணங்களில், எத்தனை இலை விழுந்தது என்று வீட்டார் பக்கமும் ஒருவர் எண்ண வேண்டும், இல்லாவிட்டால் கடைசியில் ஒப்பந்தக்காரர் சொல்வதுதான் எண். இவர் ஒரு தீப்பெட்டி அட்டையைப் பிரித்துச் சட்டைப் பையில் வைத்திருந்தார். வரிசைக்கு 25 நாற்காலி. ஒரு வரிசை நிறைந்தால் ஒரு கோடு, காலியிடம் இருந்தால் பக்கத்தில் சின்னதாக எண். கிழிந்த இலையை மாற்றினால் அது கணக்கில் சேராது. நுனி சாப்பிடுகிறவருக்கு இடப்பக்கம் வர வேண்டும். புதுப் பையன்கள் அவசரத்தில் மாற்றிப் போட்டுவிடுவார்கள், உப்பு வைப்பதற்குள் திருப்ப வேண்டும்.

மூன்றாவது பந்தியில் ஒரு பாட்டி தனியாக வந்தார். உட்கார வரிசையில் இடமில்லை. அடுத்த பந்திக்குக் காத்திருக்கச் சொல்லி எல்லோரும் கையைக் காட்டினார்கள். இவர் எங்கிருந்தோ ஒரு ஸ்டூலும் சிறிய மேசையும் கொண்டு வந்து தூணோரம் போட்டு, ஓர் இலையை விரித்து உட்கார வைத்தார். பல் இல்லாதவர் என்று கவனித்துச் சாதத்தைக் குழைவாக எடுத்துவரச் சொன்னார். அட்டையில் தனியாக ஒரு கோடும் போட்டுக்கொண்டார். உக்கிராண வாசலில் நின்று இதையெல்லாம் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். நிச்சயத்துக்குப் பின் போனில் மணிக்கணக்காகப் பேசியிருக்கிறோம். பிடித்த படம், பிடித்த நிறம் எல்லாம் தெரியும். அந்தக் கோட்டைப் போட்ட ஆளை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

என்னைப் பற்றி இவர் தெரிந்துகொண்டவை அவ்வளவு உயர்ந்தவை அல்ல. பசி வந்தால் எனக்குக் கோபம் வரும். இவரோ களைத்தால் பேச மாட்டார், நாலு மணி டீ தவறினால் முகம் சுண்டிப்போகும். இதெல்லாம் தாலி கட்டும் முன்பே தெரிந்துபோனது பெரிய சௌகரியம்.

புடவை, நகை பற்றி எழுத என்னிடம் அதிகம் இல்லை. முகூர்த்தப் பட்டு கோ-ஆப்டெக்ஸில், நகை தெற்காவணி மூல வீதியில். அம்மாவும் சித்திகளும் ஒரு பகலில் முடித்தார்கள். பூவில்தான் படிப்பு இருந்தது. மதுரை மல்லிக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது, அதன் விலைக்கு மட்டும் எந்தக் குறியீடும் கிடையாது. தையில் பனி விழுந்து வரத்து சுருங்கும்போது கிலோ மூவாயிரத்தைத் தாண்டிய நாட்கள் உண்டு. வெயில் ஏற ஏற மல்லி கொட்டும், விலை இறங்கும். ஆவணி பரவாயில்லை என்று நினைத்திருந்தேன். ஆவணியில் ஓணமும் விநாயகர் சதுர்த்தியும் வரும், கேரளத்துக்குப் பூ ஏறும் என்று மாமா சொன்னார். மாட்டுத்தாவணிப் பூச்சந்தையில் பழகிய கடையில் விலை பேசி முன்பணம் கொடுத்து வைத்தோம்.

ஆடியில் கல்யாணம் கிடையாது. சமையல் மாஸ்டர், மேளக்காரர், பந்தல்காரர் எல்லோரும் கொஞ்சம் ஓய்வாக உட்கார்ந்திருப்பார்கள். நிதானமாகப் பேசி, சொன்னதை எழுதி, இரு தரப்பும் கையெழுத்துப் போட அதுதான் காலம். மண்டபத்துக்காரரிடம் மட்டும் அவ்வளவு நாள் பொறுக்க முடியாது, ஆவணி முகூர்த்தத்துக்குத் தையிலேயே தேதி பிடிக்க வேண்டும். வாடகையோடு கதை முடியாது. 18 சதவீத ஜி.எஸ்.டி., மீட்டர் பார்த்துக் கரண்ட் காசு, ஜெனரேட்டர் ஓடினால் டீசல், துப்புரவுக்குத் தனி. முதல் நாள் எத்தனை மணிக்குச் சாவி தருவார்கள் என்பதையும் எழுதி வாங்க வேண்டும். சாவி ஒரு மணி நேரம் தாமதமானால் இரவுப் பந்தியும் ஒரு மணி நேரம் தாமதம்.

மொய் எழுதும் மேசைக்கு இரண்டு பேர். ஒருவர் எழுத, ஒருவர் பணத்தை எண்ண. ஊர் முதலில், பெயர் அப்புறம், இனிஷியல் கட்டாயம். ஒரே பெயரில் எங்கள் ஊரில் ஏழெட்டுப் பேர் உண்டு. 2021இல் மதுரைக் கல்யாணம் ஒன்றின் பத்திரிகையில் மொய்க்காகக் கியூ.ஆர். கோடு அச்சிட்டது செய்தியானது. இப்போது அது மேசைமேல் சாதாரணமாக இருக்கிறது. போனில் அனுப்புகிறவரின் ஊரையும் கேட்டு நோட்டில் ஏற்ற வேண்டும் என்பதில் மாமா பிடிவாதம். திருப்பிச் செய்ய வேண்டிய பணம் அது. வங்கிக் கணக்கில் ஊர் இருக்காது.

இவ்வளவும் மாமாவின் பாடம். அத்தையின் பாடம் ஒரே ஒரு பக்கம்.

ஒருநாள் சாயங்காலம் நோட்டைப் புரட்டிக் கொண்டிருந்த அத்தை, "எல்லாருக்கும் இலை போட்டிருக்கு. இந்தப் பிள்ளைகளுக்கு எங்க?" என்று கேட்டார்.

"அதுக மேடையில இருக்கும்ல" என்றார் மாமா.

"மேடைக்குப் பெறகு?"

மாமா பதில் சொல்லவில்லை. அத்தை எங்களிடம் திரும்பி, "இவரு எங்க கல்யாணத்தப்ப மறுவாரம் கொடைக்கானல் போவோம்னாரு. அந்த பஸ்ஸு இன்னும் வரல" என்றார். நாற்பது வருஷத்துக்கு மேலாகிறது. மதுரையிலிருந்து கொடைக்கானல் 120 கிலோமீட்டர் சொச்சம். அந்த வருஷமும் அதற்கடுத்த வருஷங்களும் யாரோ ஒருவர் வீட்டு முகூர்த்தம் குறுக்கே வந்துகொண்டே இருந்திருக்கிறது.

நோட்டின் முதல் பக்கத்தில் அத்தை கையெழுத்தில் ஒரு தலைப்பு விழுந்தது: 'பிள்ளைகள் செலவு'. அதன் கீழ் 40,000. கல்யாணத்தில் மிஞ்சினால் தேனிலவு என்று வைத்தால் மிஞ்சவே மிஞ்சாது, பந்தலில் இன்னும் இரண்டு சீரியல் விளக்கு கூடும், அவ்வளவுதான் என்பது அத்தையின் வாதம். அந்தப் பணம் இவர் கணக்கில் தனியாகப் போய் உட்கார்ந்தது. பிறகு விளக்குக்காகவும் ஒருமுறை, கல்யாணத்துக்கு முந்தைய வெளியூர்ப் படப்பிடிப்புக்காகவும் ஒருமுறை அதில் கை வைக்கப் பார்த்தார்கள். தனுஷ்கோடிக் கடலில் நின்று காற்றில் முந்தானை பறக்கவிடும் அந்தப் படப்பிடிப்புகள் எனக்கு வேடிக்கையாகவே இருக்கின்றன. ஊரைப் பார்க்கப் போனோமா, நம்மை ஊர் பார்க்கப் போனோமா என்று தெரியாது. நாங்கள் வேண்டாம் என்றோம்.

பணத்தைப் போலவே நேரத்தையும் பிரித்து வைத்தோம். ஞாயிறு சாயங்காலம் கல்யாணப் பேச்சு கிடையாது. வண்டியூர் தெப்பக்குளத்துப் படியில் போய் உட்காருவோம், ஆளுக்கொரு ஜிகர்தண்டா. "மேளக்காரர் போன் எடுக்கல" என்று யார் ஆரம்பித்தாலும் அன்றைய ஜிகர்தண்டா அவர் கணக்கில். நான்தான் நிறைய வாங்கிக் கொடுத்தேன்.

தேனிலவுக்குக் கொடைக்கானல் வேண்டாம் என்று முடிவு செய்ததற்குக் காரணம் தூரம்தான். பக்கத்தில் இருப்பதால் சொந்தக்காரர் யாராவது வந்து நிற்பார்கள். ஊட்டி என்றோம், அதுவும் மலை ரயிலில். ரயில் முன்பதிவு 2024 நவம்பரிலிருந்து 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது. செப்டம்பர் முதல் வாரப் பயணத்துக்கு ஜூலை முதல் வாரம், அதாவது ஆனியில் டிக்கெட் எடுக்க வேண்டும். முகூர்த்தப் பட்டே எடுக்காத நாளில், காலை எட்டு மணிக்கு இவர் மடிக்கணினியிலும் நான் போனிலுமாக உட்கார்ந்து போட்டோம். காரில் போகிறவர்களுக்கு 2024 மே மாதத்திலிருந்து உயர்நீதிமன்ற உத்தரவுப்படி இ-பாஸ் வேண்டும், ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும். ரயிலுக்கும் அரசுப் பேருந்துக்கும் அது தேவையில்லை.

எந்த நாளில் கிளம்புவது என்பதில் மாமா குறுக்கே வந்தார். கல்யாணத்துக்கு மறுநாளே என்று இருந்தோம். "ரெண்டு ராத்திரி தூங்காத உடம்பு மலை ஏறுனா அங்க போய்ப் படுத்துக் கெடக்கும். மறுவீடு முடியட்டும், ரெண்டு நாள் தூங்குங்க, அப்புறம் போங்க." நோட்டில் விருந்துக்கும் கட்டம் போட்டார். எந்தச் சித்தப்பா வீடு ஊட்டிக்கு முன், எந்த மாமா வீடு ஊட்டிக்குப் பின் என்று. முன்கூட்டியே சொல்லிவிட்டதால் யாருக்கும் மனத்தாங்கல் வரவில்லை. பின்னால் போட்ட வீடுகளில் விருந்து இன்னும் பலமாகவே இருந்தது.

கல்யாணம் நன்றாக நடந்தது. உக்கிராணத்தில் சித்தி மகன், பந்தியில் இவருடைய நண்பர், இருவருக்கும் நாங்களே பாடம் எடுத்திருந்தோம். இரவு 684 இலை விழுந்தது. மேடையில் நிற்கும்போது தம்பி வந்து காதில் சொன்னான். போட்டோகாரர் நாங்கள் எதற்காகச் சிரித்தோம் என்று தெரியாமலே அதைப் படம் எடுத்திருக்கிறார், ஆல்பத்தில் நல்ல படம் அதுதான்.

மேட்டுப்பாளையத்தில் இரவு தங்கி, காலை 7.10க்கு ரயில் ஏறினோம். கல்லாறு தாண்டியதும் தண்டவாளத்துக்கு நடுவே பல்சக்கரப் பாதை வந்துவிடும். நீராவி எஞ்சின் பின்னாலிருந்து தள்ளும். பன்னிரண்டரை அடி போனால் ஓரடி ஏற்றம். 46 கிலோமீட்டரில் 208 வளைவு, 16 சுரங்கம். ஊட்டி வரை 1908இல் எட்டிய பாதை, யுனெஸ்கோ பட்டியலில் 2005இல் சேர்ந்தது. ஏறக்குறைய ஐந்து மணி நேரம். காரில் இதைவிடச் சீக்கிரம் போகலாம், ஏன் போக வேண்டும் என்றுதான் தெரியவில்லை. வழியில் எஞ்சினுக்குத் தண்ணீர் பிடிக்கும்போது இறங்கி நின்றோம். குன்னூரில் டீசல் எஞ்சின் மாற்றினார்கள். வெலிங்டன், அரவங்காடு, கேத்தி, லவ்டேல் என்று பெயர்ப் பலகைகளை இவர் வாய்விட்டுப் படித்துக்கொண்டே வந்தார். எங்களைத் தேடி ஒரு போனும் வரவில்லை. கேட்பதற்கு யாருக்கும் ஒன்றும் இல்லாதபடி எல்லாம் நோட்டில் எழுதி வைத்துவிட்டு வந்திருந்தோம். சாமான் வாடகைக் கடைக்குத் திரும்பிய அண்டாவின் எண்ணிக்கை உட்பட.

ஊட்டியில் பார்த்ததை எழுதப் போவதில்லை. எல்லோரும் பார்ப்பதைப் பார்த்தோம், மிச்ச நேரம் தூங்கினோம், மழையில் வறுத்த கடலை சாப்பிட்டோம்.

திரும்பி வந்ததும் சார்பதிவாளர் அலுவலகம். தமிழ்நாட்டில் 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி எந்த மதத் திருமணத்தையும் 90 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும். தவறினால் கூடுதல் கட்டணத்தோடு இன்னும் 60 நாள். பத்திரிகையில் ஒரு பிரதி அதற்குத் தேவைப்படும், எல்லாவற்றையும் விநியோகித்துவிட வேண்டாம்.

அடுத்த ஆவணியில் முகூர்த்தம் பார்க்கிறவர்கள் மண்டபத்தைத் தையில் பிடியுங்கள், ரயில் டிக்கெட்டை ஆனியில் போடுங்கள், சமையலை ஆடியில் பேசி எழுதி வாங்குங்கள். நோட்டின் முதல் பக்கத்தை உங்கள் இருவருக்கும் எழுதிவிட்டு, இரண்டாம் பக்கத்திலிருந்து ஊருக்கு எழுதுங்கள். மாமா அத்தை இருவருக்கும் கொடைக்கானலில் அறை போட்டிருக்கிறோம், மார்கழியில். அந்த மாதம் முகூர்த்தம் எதுவும் கிடையாது.